முதலில் களஞ்சியம், அப்புறம்தான் அதிசயம்

சிவிலைசேஷன் ஆட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். 1991இல் மைக்ரோபுரோஸ் வெளியிட்ட முதல் ஆட்டத்திலிருந்து 2025இல் வந்த ஏழாவது வரை எல்லாவற்றையும் ஆடிப் பார்த்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

எல்லாப் பதிப்புக்கும் பொதுவாகச் சொன்னால் ஒன்றுக்கும் உதவாது. ஆகவே ஐந்தாவதை எடுத்துக்கொள்கிறேன், அதுவும் 2013இல் வந்த பிரேவ் நியூ வேர்ல்டு விரிவாக்கத்தோடு. ஆறாவதன் விரிவாக்கத்தில் மீனாட்சி கோயில் கட்டலாம், ஏழாவதில் சோழராக ஆடித் தஞ்சைப் பெரிய கோயிலையே எழுப்பலாம். அந்த ஆசையில்தான் உங்களில் பாதிப் பேர் வந்திருப்பீர்கள், தெரியும். ஆனால் ஆறில் இப்படி எழுப்பும் ஒவ்வொரு உலக அதிசயமும் ஒரு கட்டத்தை முழுதாக விழுங்கும். ஏழில் யுகம் மாறும்போது நாடே மாறிவிடும். வரவு செலவு பழக ஐந்துதான் தோது. கீழே உள்ள எண்கள் எல்லாம் ஸ்டாண்டர்டு வேகத்துக்கும் ஸ்டாண்டர்டு மேப்புக்கும் உரியவை.

1. ஆராய்ச்சி எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார். பீக்கர், அதாவது ஆராய்ச்சிப் புள்ளி, லைப்ரரியிலிருந்து வருகிறது என்றுதான் புதியவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். அது ஆட்களிடமிருந்து வருகிறது, தம்பி. நகரத்தில் இருக்கும் ஒவ்வொரு ஆளும் டர்னுக்கு ஒரு பீக்கர் தருகிறான். லைப்ரரி இரண்டு ஆளுக்கு ஒன்று சேர்க்கிறது. யுனிவர்சிட்டி வந்த கூட்டுத்தொகையை 33 சதவீதம் ஏற்றுகிறது.

நாலு பேர் இருக்கும் நகரை எடுத்துக்கொள். ஆளுக்கு ஒன்றாக 4, லைப்ரரியால் 2, மொத்தம் 6. யுனிவர்சிட்டி வைத்தால் 8. பன்னிரண்டு பேர் இருக்கும் நகரில் அதே இரண்டு கட்டடத்தை வை. 12, லைப்ரரியால் 6, ஆக 18, யுனிவர்சிட்டியோடு 24. அந்த யுனிவர்சிட்டிக்குள் இரண்டு பேரை விஞ்ஞானிகளாக உட்கார வைத்தால் தலைக்கு 3 வீதம் இன்னும் 6 கூடி, எல்லாம் சேர்ந்து 32 ஆகிறது. கட்டடச் செலவு இரண்டு ஊரிலும் ஒன்றுதான். பராமரிப்புத் தங்கமும் ஒன்றுதான். வித்தியாசம் முழுக்கச் சோற்றில் இருக்கிறது.

ஓர் ஆள் டர்னுக்கு 2 உணவு சாப்பிடுவான். அதற்கு மேல் மிஞ்சுவதில்தான் அடுத்த ஆள் பிறக்கிறான். எனவே ஆராய்ச்சியில் முந்த வேண்டும் என்றால் நீ முதலில் பார்க்க வேண்டியது ஆற்றங்கரை வயலையும் களஞ்சியத்தையும். களஞ்சியமான கிரானரிக்கு ஆகும் உற்பத்தி 60 சுத்தியல்தான். இதைக் கட்டாமல் ஸ்டோன்ஹெஞ்சுக்கு 185 சுத்தியல் கொட்டுகிறவன், பந்தலுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு அரிசி வாங்க மறந்த கல்யாண வீட்டுக்காரனைப் போலத்தான் முழிப்பான்.

இன்னொரு வழியும் இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. கேரவனை வெளிநாட்டுக்கு அனுப்பித் தங்கம் வாங்குவதோடு நின்றுவிடாதே. கிரானரி உள்ள நகரிலிருந்து உன் தலைநகருக்கே அதை அனுப்பினால் உணவு வந்து சேரும். கடல்வழி கார்கோ கப்பல் என்றால் இன்னும் அதிகம். தலைநகர் கடலோரத்தில் இருந்து, இரண்டு மூன்று கப்பல் சோறு கொண்டுவந்தால், மேலே சொன்ன 12 பேர் 20 பேர் ஆவதை நீயே பார்ப்பாய்.

2. நாலு ஊர். அதற்குமேல் வேண்டாம் என்று சட்டம் இல்லை; ஆனால் புதிதாக ஆடுகிறவனுக்கு நாலு போதும். டிரெடிஷன் கொள்கையில் லீகலிசம் எடுத்தால் முதல் நாலு நகரங்களுக்குக் கலாசாரக் கட்டடம் இலவசம். அந்தக் கொள்கை மரத்தை முழுதாக முடித்தால் அதே நாலுக்கு ஆக்விடக்டும் இலவசம். ஆட்டத்தை வடிவமைத்தவர்களே நாலு என்று கைகாட்டி விட்டிருக்கும்போது நாம் ஏன் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்? ஒவ்வொரு புது நகரும் டெக் (தொழில்நுட்ப) விலையை 5 சதவீதமும், கொள்கை விலையை 10 சதவீதமும் ஏற்றுகிறது. மகிழ்ச்சியில் நகருக்கு 3 குறையும், தலைக்கு ஒன்று வேறு குறையும். இரண்டு ஆளோடு பனிக்காட்டில் நோஞ்சானாகக் கிடக்கும் எட்டாவது ஊர் உனக்கு ஆராய்ச்சி தராது. வரி மட்டும் விதிக்கும்.

இந்த நாலையும் சீக்கிரம் வை. ஸ்காவுட், மானுமென்ட், செட்லர்கள், ஒரு வொர்க்கர் என்ற அளவில் முதல் 50 டர்ன் ஓடட்டும்.

3. கிரேட் லைப்ரரி. இதைப் பற்றிச் சொல்லாமல் எந்தப் பெரியவரும் அறிவுரை முடித்ததில்லை, நானும் முடிக்க மாட்டேன்.

எழுத்து டெக் கிடைத்ததும் திரையில் அது மினுக்கும். விலை 185 சுத்தியல். கட்டி முடித்தால் ஒரு டெக் இலவசம், ஒரு லைப்ரரி இலவசம், மேலே 3 பீக்கர். படித்ததும் கை தானாகப் போகும். போவதற்கு முன் பக்கத்தில் உள்ள விலைகளைப் பார். சாதா லைப்ரரி 75. செட்லர் 106. இரண்டையும் கூட்டினால் 181. அதாவது கிரேட் லைப்ரரியின் விலைக்கு லைப்ரரியும் கிடைக்கும், இன்னொரு ஊரும் கிடைக்கும், நாலு சுத்தியல் மிச்சமும் இருக்கும்.

அந்த வேளையில் உன் தலைநகர் டர்னுக்கு 8 சுத்தியல் தந்தால் நல்ல இடம் என்று அர்த்தம். 8 வீதம் 185 சேர 24 டர்ன் ஆகும். அந்த 24 டர்னும் வேறு எதுவும் கட்டாமல் உட்கார்ந்திருக்கிறாய். இரண்டாவது ஊருக்கென்று நீ கண்வைத்த இடத்தில், உப்பும் ஆறும் மலையும் இருக்கும் அந்த இடத்தில், பக்கத்து நாட்டுக்காரன் வந்து கொடி நட்டுவிடுவான். ஒரு முறை போன நிலம் சண்டை போடாமல் திரும்பாது.

அப்படியென்றால் கட்டவே கூடாதா? நிலையைப் பொறுத்தது. ஆட்டத்தில் எட்டுக் கடின நிலைகள் உண்டு. செட்லரில் தொடங்கி டெயிட்டியில் முடிகிறது. நாலாவதான பிரின்ஸில் கணினிக்கும் உனக்கும் கிட்டத்தட்ட ஒரே விதி. அங்கே தாராளமாகக் கட்டு, கிடைக்கும். கிங்கில் பக்கத்தில் காடு இருந்தால், மார்பிள் இருந்தால் பார்க்கலாம். எம்பரரிலிருந்து மேலே போனால் மறந்துவிடு. டெயிட்டியில் கணினி பல டெக்கோடும் கூடுதல் செட்லரோடும்தான் ஆட்டத்தையே தொடங்குகிறது. பெரும்பாலும் 40ஆவது டர்னுக்குள் கிரேட் லைப்ரரி எங்கோ எழும்பிவிட்டது என்ற அறிவிப்பு வந்துவிடும். பிரின்ஸில் அதைக் கட்டிப் பழகியவர்கள்தான் மேல் நிலைக்குப் போனதும் ஆட்டம் மோசம் என்று புலம்புகிறார்கள். ஆட்டம் ஒன்றும் மோசமில்லை.

4. எந்த நிலையில் ஆடினாலும் உன்னிடமிருந்து யாராலும் பறிக்க முடியாத ஒரு கட்டடம் உண்டு. அது நேஷனல் காலேஜ். இது தேசிய அதிசயம். ஒவ்வொரு நாடும் ஒன்று கட்டிக்கொள்ளலாம், போட்டியே கிடையாது. தத்துவம் டெக் வேண்டும், உன் எல்லா ஊரிலும் லைப்ரரி இருக்க வேண்டும். அது நிற்கும் ஊரின் ஆராய்ச்சி 50 சதவீதம் ஏறும், மேலே 3 பீக்கர்.

இதில் வழுக்குமிடம் ஒன்று இருக்கிறது. எல்லா ஊரிலும் என்றால் நேற்று வைத்த ஊரிலும்தான். நாலாவது ஊரைக் கடைசி நேரத்தில் வைத்தால் அங்கே லைப்ரரி வரும்வரை காலேஜ் வேலை நின்றுவிடும். இரண்டு சுத்தியல் தரும் புது ஊரில் 75 சுத்தியல் லைப்ரரி எப்போது முடிவது? அதற்குத்தான் தங்கம். உபரி லக்ஷுரிப் பொருள்களைப் பக்கத்து நாடுகளுக்கு விற்று, அந்தப் பணத்தில் கடைசி லைப்ரரியை வாங்கிவிடு. ஊர் எண்ணிக்கை கூடக் கூடக் காலேஜின் விலையும் ஏறும் என்பதால் நாலை வைத்துவிட்டு அதை முடி. ஐந்தாவதைப் பற்றி அப்புறம் யோசி.

5. டெக் மரத்தைப் பார்த்து மலைக்காதே. ஆராய்ச்சிக்காரனுக்கு அதில் முக்கியமான நிறுத்தங்கள் ஐந்துதான்: எழுத்தில் லைப்ரரி, தத்துவத்தில் நேஷனல் காலேஜ், கல்வியில் யுனிவர்சிட்டி, அறிவியல் கோட்பாட்டில் பப்ளிக் ஸ்கூல், பிளாஸ்டிக்கில் ரிசர்ச் லேப். இவற்றை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு மற்றதைத் தேவைக்கு ஏற்பச் சேர். வீட்டு வாசலில் என்ன பொருள் கிடக்கிறதோ அதை எடுக்கும் டெக்கும், அம்பு விடத் தெரிந்த நாலு ஆளுக்கான டெக்கும் இடையில் கட்டாயம் வேண்டும். பக்கத்தில் ஷாகா, அட்டிலா போன்ற போர்வெறித் தலைவர்கள் இருந்தால் கல்வி டெக்கை நோக்கி ஓடும் உன் வேகத்தை அவர்கள் மெச்ச மாட்டார்கள்.

யுனிவர்சிட்டி 160 சுத்தியல். டெக் வந்த அன்றே நாலு ஊரிலும் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு இதைத் தொடங்கு. இடையில் ஒரு அதிசயம் பல்லைக் காட்டும், பார்க்காதே. மழைக்காட்டுக் கட்டங்களை வெட்டி வயலாக்கி வைத்திருக்கிறவர்கள் இந்த இடத்தில் வருத்தப்படுவார்கள். யுனிவர்சிட்டி உள்ள ஊரில் ஆள் வேலை செய்யும் ஒவ்வொரு மழைக்காட்டுக் கட்டமும் 2 பீக்கர் தரும். பூமத்திய ரேகைப் பக்கம் தொடங்கியிருந்தால் வொர்க்கரைத் தானியங்கியில் விடாதே. மலையை ஒட்டி வைத்த ஊருக்கு அப்சர்வேட்டரி என்று இன்னொரு 50 சதவீதம் பிற்பாடு காத்திருக்கிறது. ஊர் வைக்கும் நாளிலேயே அதை மனதில் வை. ஒரு கட்டம் தள்ளி வைத்துவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

6. எந்த அதிசயத்தைக் கட்டலாம்? விளக்கத்தைப் படித்து மயங்குவதை விட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேள்: இது என் ஊரில், என் நிலத்தில் என்ன செய்யும்?

பெட்ராவை வைத்துச் சொல்கிறேன். கரன்சி டெக், 250 சுத்தியல், பாலைவனத்திலோ அதை ஒட்டியோ ஊர் இருக்க வேண்டும். வெள்ளச் சமவெளியைத் தவிர அந்த ஊரின் எல்லாப் பாலைவனக் கட்டத்துக்கும் ஒரு உணவும் ஒரு சுத்தியலும் கூடும். ஒரு பாலைவனக் குன்றை எடுத்துக்கொள். வெறுமனே இருந்தால் உணவு இல்லை, 2 சுத்தியல். அங்கே வேலை செய்கிறவனுக்குச் சோறு வேறு ஊர்க் கட்டத்திலிருந்து வர வேண்டும். பெட்ரா வந்ததும் 1 உணவு, 3 சுத்தியல். சுரங்கம் வெட்டினால் 4 சுத்தியல். இப்படி ஆறேழு குன்று இருக்கும் ஊர், யாரும் சீண்டாத வறண்ட ஊர், நாட்டின் பட்டறையாக மாறும். அதன் பிறகு அந்த ஊர் மற்ற அதிசயங்களைக் கட்டிக்கொண்டே போகும். அதே பெட்ராவை இரண்டு பாலைக் கட்டமும் மிச்சம் புல்வெளியுமாக இருக்கும் ஊரில் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது ஒரு வணிகப் பாதையும் ஒரு படமும்தான்.

ஹேங்கிங் கார்டன்ஸும் அதே 250. டிரெடிஷன் கொள்கை எடுத்தவர்களுக்கு மட்டும் உரியது. 6 உணவும் ஒரு தோட்டமும் தரும். முதல் அறிவுரை நினைவிருந்தால் 6 உணவு என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆராய்ச்சிக்காக நேரடியாகக் குறிவைக்க வேண்டியவை மூன்று. அச்சகம் டெக்கில் பீசா கோபுரம்: விரும்பிய மாமனிதர் ஒருவர் இலவசம், இனி வருகிறவர்களும் 25 சதவீதம் வேகமாக வருவார்கள். கட்டடக்கலையில் போர்சலின் டவர்: ஒரு மாமனித விஞ்ஞானி இலவசம். சாட்டிலைட்டில் ஹப்பிள்: இரண்டு விஞ்ஞானிகள். மற்றவை கிடைத்தால் சந்தோஷம்.

உன்னிடம் ராணுவமே இல்லாதபோது ஸ்டாச்சூ ஆஃப் ஜீயஸ் எதற்கு? மலை அருகில் இருக்கிறது என்பதற்காக மட்டும் மாச்சு பிச்சு எதற்கு? அழகாக இருக்கிறது என்றால் கட்டிக்கொள், அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் அது ஆசைக் கணக்கில் எழுதப்பட வேண்டிய செலவு.

7. கட்டுவதென்று முடிவு செய்துவிட்டால் அரைமனதாகக் கட்டாதே. அதிசயப் பந்தயத்தில் இரண்டாம் பரிசு கிடையாது. டெக் முடியும் டர்னுக்குள் நிலத்தைத் தயார் செய். ஊரை ஒட்டிய காடுகளை வெட்டாமல் மிச்சம் வைத்திருந்து, வேலை தொடங்கிய பின் வெட்டு. ஒரு காடு 20 சுத்தியல். இரண்டு வொர்க்கரை முன்கூட்டியே காட்டுக்குள் நிறுத்திவைத்தால் ஒரே சமயத்தில் 40 விழும். டிரெடிஷனில் அரிஸ்டாக்ரசி எடுத்தால் அதிசயங்களுக்கு 15 சதவீதம் வேகம். ஊர் எல்லைக்குள் மார்பிள் இருந்து குவாரி போட்டிருந்தால் பண்டைய, செவ்வியல் காலத்து அதிசயங்களுக்கு இன்னொரு 15. எகிப்தாக ஆடினால் எல்லாவற்றுக்கும் மேல் 20.

நகரத் திரைக்குள் போய் ஆட்களைக் கையால் மாற்று. கணினி அவர்களை வயலில் போட்டிருக்கும். பந்தயம் நடக்கும் பத்துப் பதினைந்து டர்னுக்கு மட்டும் அவர்களைச் சுரங்கத்துக்கு அனுப்பு, முடிந்ததும் வயலுக்குத் திருப்பு. திருப்ப மறக்கிறவர்கள்தான் அதிகம்.

கிரேட் இஞ்சினியர் ஒருவர் கையில் இருந்தால் பந்தயமே இல்லை. அவர் ஒரே டர்னில் தருவது 300 சுத்தியல், ஊரில் இருக்கும் ஆளுக்கு 30 வீதம் மேலே. பத்துப் பேர் ஊரில் 600. போர்சலின் டவரின் விலையை ஏறக்குறைய முழுதாக அடைத்துவிடுவார். அவரை 185 சுத்தியல் சாமானில் வீணாக்காதே.

போர்சலின் டவருக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. ரேஷனலிசம் கொள்கையைத் தொடங்கியவர்கள்தான் அதைக் கட்ட முடியும். இப்படிக் கொள்கைப் பூட்டு போட்ட அதிசயங்களுக்குப் போட்டி குறைவு. பிரமிடுக்கு லிபர்ட்டி வேண்டும், லூவருக்கு எக்ஸ்ப்ளோரேஷன் வேண்டும்.

எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் பார்த்துக்கொள். எகிப்தின் ராம்சேஸ் இருக்கும் ஆட்டத்தில் பண்டைய அதிசயங்களுக்குக் கைநீட்டுவது வீம்பு. அவன் கட்டட்டும். நீ நூறு டர்ன் கழித்து டிரெபூஷேவோடு போய் எல்லாவற்றையும் ஒரே நகரில் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம். அதுவும் அதிசயம் சேர்க்கும் ஒரு வழிதான்.

8. பந்தயத்தில் தோற்றால் போட்ட சுத்தியலுக்குக் கொஞ்சம் தங்கம் கைக்கு வரும். வாங்கிக்கொண்டு நட. பழைய சேமிப்பை லோடு பண்ணி இருபது டர்ன் பின்னால் போகாதே. பழகும் நாட்களில் அந்தத் தோல்விதான் டர்ன் எண்ணிக்கையை மனதில் பதிய வைக்கும்.

9. மாமனித விஞ்ஞானிகளைச் செலவழிப்பது தனிக் கலை. இதில் கொஞ்சம் நிதானமாக நில்.

மாமனிதர் பிறக்கப் புள்ளி சேர வேண்டும்; கட்டடங்களில் உட்கார வைக்கும் ஆட்கள், அதாவது ஸ்பெஷலிஸ்ட்கள், அதைத் தருவார்கள். முதல் ஆளுக்கு 100, அடுத்தவருக்கு 200, பிறகு 300 என்று ஏறிக்கொண்டே போகும். இந்த ஏணி விஞ்ஞானிக்கும் இஞ்சினியருக்கும் வணிகருக்கும் பொதுவானது. அதாவது நீ கேட்காமலே ஒரு வணிகர் பிறந்துவிட்டால் உன் அடுத்த விஞ்ஞானியின் விலை ஒரு படி ஏறிவிட்டது. அதனால் மார்க்கெட்டிலும் வங்கியிலும் ஆட்களை உட்கார வைக்காதே. நகரத் திரையில் ஸ்பெஷலிஸ்ட்களை நானே பார்த்துக்கொள்கிறேன் என்ற பெட்டியை டிக் செய்யாவிட்டால் கணினி தன் இஷ்டத்துக்கு அங்கே ஆள் போடும். யுனிவர்சிட்டி முடிந்த டர்னிலேயே அதன் இரண்டு இருக்கையையும் நிரப்பு. பப்ளிக் ஸ்கூலுக்கும் லேபுக்கும் அதே விதி.

பிறந்த விஞ்ஞானியை என்ன செய்வது? அவரை நிலத்தில் உட்கார வைத்து அகாடமி கட்டலாம். டர்னுக்கு 8 பீக்கர், பின்னால் இன்னும் ஏறும். அல்லது ஒரே மூச்சில் கரைக்கலாம். கடந்த 8 டர்னில் நீ ஈட்டிய மொத்த பீக்கரும் அப்போதே மறுபடி கிடைக்கும். 100ஆவது டர்னில் உன் வருமானம் 40 பீக்கர் என்று வை. கரைத்தால் 320. அகாடமி கட்டினால் 40 டர்னில் அதே 320 வந்துவிடும், அதற்கப்புறம் வருவதெல்லாம் லாபம். நேஷனல் காலேஜ் நிற்கும் ஊரில் கட்டினால் அந்த 8இன் மீதும் 50 சதவீதம் ஏறும். எனவே முதலில் வருகிறவர்கள் எல்லோரும் அகாடமிக்கு, தலைநகரை ஒட்டி.

பப்ளிக் ஸ்கூல் காலம் தாண்டியதும் போக்கை மாற்று. இனி வருகிறவர்களைத் தூங்க வைத்துவிடு. எல்லா ஊரிலும் ரிசர்ச் லேப் முடிந்து எட்டு டர்ன் ஆகட்டும். லேப் வந்ததும் பீக்கர் ஒரேயடியாகத் தாவும்; அந்த எட்டு டர்னும் முழுதாகக் கணக்கில் ஏறிய பிறகு ஐந்தாறு விஞ்ஞானிகளை வரிசையாகக் கரைத்தால் மரத்தின் கடைசிப் பகுதி ஒரு கையளவு டர்னில் முடிந்துவிடும். அவசரப்பட்டு லேப் முடிந்த அன்றே கரைக்கிறவன் பழைய வருமானத்தின் எட்டு டர்னைத்தான் பெறுவான்.

10. சில்லறை விஷயங்கள். ரேஷனலிசத்தை ரெனசான்ஸ் வந்ததும் திற. நாடு மகிழ்ச்சியாக இருக்கும்வரை ஆராய்ச்சி 10 சதவீதம் கூடும், மகிழ்ச்சி கெட்டால் அதுவும் போகும், வளர்ச்சியும் படுத்துவிடும். நட்பு அறிவித்த நாட்டோடு ஆராய்ச்சி ஒப்பந்தம் போடு, 30 டர்னில் பலன். இருவரில் யாருக்குப் பீக்கர் குறைவோ அவருடையதை வைத்துத்தான் பலன் அளக்கப்படும் என்பதால் ஏழை நாட்டோடு போடுவது தானதர்மம். இடையில் போர் வந்தால் போட்ட தங்கம் போச்சு. நீ முன்னணியில் இருந்தால் ஓர் உளவாளியைத் தலைநகரிலேயே காவல் வை. பின்தங்கியிருந்தால் முன்னணிக்காரன் தலைநகருக்கு அனுப்பித் திருடு. வெட்கப்பட ஒன்றும் இல்லை.

11. ஒவ்வொரு அதிசயமும் பக்கத்து வீட்டுக்காரனின் கண்ணை உறுத்தும். இது பேச்சுக்குச் சொல்வதல்ல. அவன் ஆசைப்பட்ட அதிசயத்தை நீ கட்டிவிட்டாய் என்பது உறவுப் பட்டியலில் சிவப்பு எழுத்தில் ஒரு வரியாகவே வரும். நாலு அதிசயமும் ரெண்டு வில்லாளியும் வைத்திருக்கும் தலைநகரைக் கணினி எப்படிப் பார்க்கும் என்று யோசி. மதில் கட்டு, யுகத்துக்கு ஏற்ப வில்லாளிகளை உயர்த்து. ஐந்தாவதில் இந்தியாவின் தலைவராக வரும் காந்தியைக்கூட நம்பாதே. அணுகுண்டு ஆசைக்கு 10க்கு 12 என்று வேடிக்கையாகவே அவருக்கு வைத்துவிட்டார்கள். முதல் ஆட்டத்தில் கணினிப் பிழையால் காந்தி குண்டு போட்டார் என்று சொல்லப்படும் கதையை மட்டும் நம்ப வேண்டாம். ஆட்டத்தை உருவாக்கிய சிட் மையரே தன் நினைவுக் குறிப்பில் அப்படி ஒரு பிழை இல்லை என்று எழுதிவிட்டார்.

12. ஆக்ஸ்ஃபோர்டைப் பதுக்கி வை. இதுவும் தேசிய அதிசயம். எல்லா ஊரிலும் யுனிவர்சிட்டி வேண்டும், முடித்தால் ஒரு டெக் இலவசம். கல்வி டெக் வந்ததும் கட்டி, மலிவான டெக் ஒன்றை இலவசமாக வாங்கி மகிழ்வது புதியவர்கள் வழக்கம். ஒரு டர்ன் பாக்கி இருக்கும்போது அதை நிறுத்தி, வரிசையில் வேறொன்றை முன்னே தள்ளு. ரேடியோ எட்டும் தூரத்துக்கு வந்ததும் முடித்து அதை வாங்கிக்கொள். அதன் மூலம் நவீன யுகத்துக்குள் முதலில் நுழைந்து சித்தாந்தத்தை முதலில் தேர்ந்தெடுக்கிறவருக்கு இரண்டு கொள்கைகள் கூடுதலாகக் கிடைக்கும்.

சித்தாந்தம் எதை எடுப்பது என்று குழம்பினால், விண்கலத்தால் வெல்ல நினைக்கிறவனுக்குச் சுதந்திரம் நல்லது. அதன் மூன்றாம் படியில் விண்கலப் பாகங்களைத் தங்கம் கொடுத்து வாங்கும் வசதி உண்டு. அப்போலோ திட்டம் முடிந்ததும் தேவைப்படுவது ஆறு பாகங்கள்: பூஸ்டர் மூன்று, காக்பிட், ஸ்டாசிஸ் அறை, இஞ்சின் ஒவ்வொன்று. இந்தக் கட்டத்தில் தலைநகரின் வரிசையில் எந்த அதிசயமும் இருக்கக் கூடாது, ஹப்பிளைத் தவிர. கடைசி டெக்குகளை நோக்கி விஞ்ஞானிகளைக் கரைக்கத் தொடங்கும்போதே தங்கத்தைச் சேர்க்க ஆரம்பி, லக்ஷுரி எல்லாவற்றையும் விற்றுவிடு. வேறு ஊரில் செய்த பாகம் தலைநகருக்கு நடந்துதான் வர வேண்டும். அந்த ஊர்களுக்கு இருப்புப் பாதை போட்டிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு, பாகத்தோடு ஒரு காலாட்படையையும் துணைக்கு அனுப்பு.